வேர் மண்ணிலா, மக்களிடத்திலா? – கராமு இல்லத்தின் வரலாறு

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் எங்களைப் போன்றோர் முன் அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டுவிட்டது, லயங்கள் வெறுமையாகிவிட்டன, பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனை அங்கேயே வைத்துக் காப்பதா? அல்லது மக்கள் சென்ற இடத்திற்கே எடுத்துச் செல்வதா? 1957-ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சமே. ஆகவே இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இதற்கு விடை தேடுவோர், தொலைநாடு ஒன்றில் இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு நிலையத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் அமைந்த தொழில் நகரம் கிளீவ்லாந்து. அந்நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த ஒரு வட்டாரத்தில், சிறுவர் சிறுமியர்க்கென 1915-இல் தோன்றிக் கலை நிலையமாக வளர்ந்ததுதான் கராமு இல்லம்.

இரண்டு வீடுகளில் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புதிய தொண்டு முறை ஒன்று தோன்றியது. படித்தவர்கள் ஏழைகளுக்குத் தூரத்தில் இருந்துகொண்டு உதவி அனுப்பினால் போதாது. ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியேறி, அண்டை வீட்டாராக வாழ்ந்து பணிபுரிய வேண்டும் என்பது அதன் கொள்கை. 1884-இல் லண்டனில் டாயின்பி மண்டபமும், 1889-இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் ஹல் இல்லமும் இக்கொள்கையின் வழியே எழுந்தவை.

இவ்வழியைப் பின்பற்றியவர்களே ரசல் ஜெலிஃப், ரொவீனா ஜெலிஃப் என்னும் இளந்தம்பதியர். ஓபர்லின் கல்லூரியிலும் பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பயின்ற இவ்வெள்ளையர் இருவரும், ஒரு கிறித்துவத் திருச்சபையின் ஆதரவுடன் கிளீவ்லாந்தின் கிழக்கு 38-ஆம் தெருவில் இரண்டு வீடுகளைக் கொண்டு தம் பணியைத் தொடங்கினர்.

அத்தெருவின் நிலையை உணர அக்காலச் சூழ்நிலையை அறிதல் வேண்டும். 1914-இல் மூண்ட முதல் உலகப் போரினால் ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர் வரத்து நின்றது. உருக்காலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தென்மாநிலங்களில் பருத்தி வயல்களில் உழன்றும், நிறவெறிச் சட்டங்களால் நசுக்கப்பட்டும் கிடந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே புறப்பட்டனர். 1910-இல் கிளீவ்லாந்தில் ஏறத்தாழ 8,500 கறுப்பரே வாழ்ந்தனர். 1920-இல் அத்தொகை 34,000-ஐத் தாண்டியது. 1930-இல் 72,000-ஐ எட்டியது. நகரின் பிற பகுதிகளில் வீடு கொடுப்பார் இல்லாமையால், ஒரே வட்டாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழவேண்டியதாயிற்று. வேலை இருக்கிறது என்ற சொல்லை நம்பிக் கப்பலேறிய கதையைத் தம் வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழியாகக் கேட்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

ஜெலிஃப் தம்பதியர் தம் வாயிலை எந்த நிறத்தவர்க்கும் அடைக்கவில்லை. சிறுவர்க்கு விளையாட்டும் கைத்தொழிலும் கற்பித்தனர். 1917-இல் சிறுவர் நாடகம் தொடங்கியது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே மேடையில் சேர்ந்து நடிப்பது அந்நாளில் அந்நாட்டில் எளிய செயல் அன்று. 1919-இல் இந்நிலையம் ‘நாடகக் குடியமர்வு இல்லம்’ என்னும் பொருள்படும் பெயரால் முறையாகப் பதிவு பெற்றது.

யாருடைய கதையை ஆடுவது?

1920-இல் பெரியவர்களும் சேர்ந்து ஒரு நாடகக் குழு அமைத்தனர். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் பாட்டி ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண். அவ்வுறவைப் போற்றும் வகையில் குழுவுக்கு அவர் பெயரையே சூட்டினர். ஆனால் அவர்கள் ஆடியவை வெள்ளையர் வாழ்வைக் காட்டும் நாடகங்களே.

1922-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. யூஜின் ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தில் நடித்துப் புகழெய்திய கறுப்பின நடிகர் சார்லஸ் கில்பின் கிளீவ்லாந்துக்கு வந்தார். அவர் இக்குழுவினரைக் கண்டு பேசினார். தம் மக்களின் வாழ்க்கையிலேயே நாடகம் இருக்கிறது, அதனைக் காணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊக்கினார். 50 டாலர் நன்கொடையும் அளித்தார். குழு அன்று முதல் ‘கில்பின் நடிகர்கள்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த அறிவுரையைப் பின்பற்றுவது எளிதாக இல்லை. தெருவில் பேசும் பேச்சையும் தென்னாட்டு வயற்காட்டு வழக்கையும் மேடையில் ஏற்றியபோது, கறுப்பினத்தில் படித்து முன்னேறிய சிலரே அதனை எதிர்த்தனர். ‘நம்மை வெள்ளையர் ஏற்கெனவே ஏளனம் செய்கின்றனர், நாமே நம் குறைகளைக் காட்டுவதா?’ என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கோமாளிகளாக்கிய வெள்ளையர் மேடையைப் பல ஆண்டுகள் கண்டு புண்பட்டவர்கள் அவர்கள்.

இதனைப் படித்தபோது என் பள்ளியில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டு விழாவில் ஒருமுறை, வழக்கமான அரிச்சந்திரன் கதையை விடுத்து, ஒரு பால்வெட்டுக் குடும்பத்தின் கதையை அவர்கள் பேசும் பேச்சிலேயே பிள்ளைகளை நடிக்கச் செய்தேன். விழா முடிந்ததும் தந்தையர் இருவர் வந்து, “ஐயா, ஊருக்கு முன்னால் எங்களைக் கேலி செய்யலாமா?” என்று மனம் வருந்திக் கேட்டனர். அவர்கள் பின்னால் நின்ற மூதாட்டி ஒருவரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேலி இல்லேடா, அது நம்ம கதை” என்றார். இரு தரப்பாரின் பேச்சும் உண்மையே. கேலிக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு, ஆடுகிறவனுக்கு அக்கதையில் பங்கு உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது. கில்பின் நடிகர்க்கு அப்பங்கு இருந்தது.

1927-இல் பக்கத்திலிருந்த பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தி அரங்கமாக்கினர். அதற்கு இட்ட பெயர்தான் ‘கராமு’. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அச்சொல் விருந்தைக் குறிக்கும். நம் மலாய் அண்டை வீட்டார் ‘கெண்டூரி’ என்று சொல்லும்போது உணவு மட்டும் அன்றி ஊர் ஒன்றுகூடுவதும் நினைவுக்கு வருவது போல, கராமு என்னும் பெயரும் மகிழ்ந்து கூடும் இடம் என்ற பொருளைத் தாங்கி நின்றது.

தெருவிலிருந்து எழுந்த கலைஞர்கள்

அவ்வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஓர் இளைஞர், ஜெலிஃப் தம்பதியரின் இல்லத்திற்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவரே பின்னாளில் உலகறிந்த கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸ். பிற்காலத்தில் நியூயார்க்கில் புகழ் பெற்ற பின்னும் அவர் இவ்வில்லத்தை மறக்கவில்லை. 1936-இலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் அவர் எழுதிய நாடகங்கள் பலவற்றைக் கில்பின் நடிகர்களே முதன்முதலில் அரங்கேற்றினர். ஹைத்தி நாட்டு அடிமைகளின் கிளர்ச்சியைக் கூறும் ‘டிரபிள்டு ஐலண்டு’ அவற்றுள் ஒன்று.

நாடகத்தைப் போலவே ஓவியமும் அங்கே செழித்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், செதுக்கிய தகட்டில் மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் அச்சோவியக் கலை அங்கு வளர்ந்தது. ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம், விலையும் குறைவு. ஏழைக் கலைஞனுக்கும் ஏழை வாங்குவோனுக்கும் அது ஏற்ற கலையாயிற்று. சார்லஸ் சாலீ, எல்மர் பிரவுன், வில்லியம் ஸ்மித், ஹியூகி லீ-ஸ்மித் முதலியோர் இவ்விடத்தோடு தொடர்புடைய ஓவியர்கள். 1942-இல் கராமு ஓவியர்களின் படைப்புகள் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தீயும் இடப்பெயர்ச்சியும்

1939-இல் பெருந்துன்பம் நேர்ந்தது. தீப்பற்றி அரங்கம் அழிந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு சாம்பலாயிற்று. ஆயினும் பணி நிற்கவில்லை. குழுவினர் இரவல் மேடைகளில் நாடகம் ஆடினர். 1941-இல், எரிந்துபோன அரங்கின் பெயரையே நிலையம் முழுமைக்கும் சூட்டி, ‘கராமு இல்லம்’ என்றழைத்தனர். கட்டடம் போயிற்று, பெயர் பெரிதாயிற்று எனலாம்.

புதிய கட்டடத்தை எங்கே எழுப்புவது? நம் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. பழைய 38-ஆம் தெருவில் அவர்கள் மீண்டும் கட்டவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் மெல்லமெல்லக் கிழக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்தன. மக்கள் சென்ற திசையிலேயே, கிழக்கு 89-ஆம் தெருவும் குவின்சி சாலையும் சந்திக்கும் ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரத்தில் இடம் தேர்ந்தனர். இடையே உலகப் போர் குறுக்கிட்டது. தீ விபத்துக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1949-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. வழக்கமான மேடை ஒன்று, பார்வையாளர் சுற்றிலும் அமரும் வட்ட அரங்கு ஒன்று என இரண்டு மேடைகள் அங்கே அமைந்தன.

பழைய இடத்தை விட்டதனால் கராமு வேரற்றுப் போகவில்லை. ஏனெனில் பெயர்ப்பலகை மட்டும் இடம் மாறவில்லை. சிறுவர் வகுப்புகள் உடன் சென்றன. நாடகக் குழு உடன் சென்றது. எந்த நிறத்தவரும் வரலாம் என்னும் கொள்கையும் உடன் சென்றது.

வீதிகள் வெறுமையான காலம்

1963-இல் ஜெலிஃப் தம்பதியர் ஓய்வு பெற்றனர். 1966-இல் அருகிலுள்ள ஹஃப் வட்டாரத்தில் வறுமையும் நிறவேற்றுமையும் மூட்டிய கலவரம் வெடித்தது. ஆலைகள் மூடப்பட்டன. 1950-இல் 914,808 ஆக இருந்த கிளீவ்லாந்தின் மக்கள் தொகை, 2020-இல் 372,624 ஆகச் சுருங்கியது. தன்னைச் சுற்றியிருந்த வீதிகளே வெறுமையாகும்போது ஒரு கலை நிலையம் என்ன செய்யும்?

இரு நிறத்தவரும் சேர்ந்து நடிப்பதே முதன்மையான நோக்கமாக இருக்க வேண்டுமா, கறுப்பின மக்களின் குரலாக ஒலிப்பதே நோக்கமாக வேண்டுமா என்னும் விவாதமும் எழுந்தது. 1970-களில் இல்லம் கறுப்பினக் கலையின் பக்கம் மேலும் சாய்ந்தது. பணமுடையும் பலமுறை நெருக்கிற்று. எனினும் கராமு மூடப்படவில்லை. 1982-இல் அது அமெரிக்க நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. 2015-இல் நூறாண்டு நிறைவெய்தியது. இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது, பிள்ளைகள் பயில்கின்றனர்.

நாம் கொள்ள வேண்டுவது

கராமு இல்லத்தின் வரலாற்றில் முடிவான விடை ஒன்று இருக்கிறது; எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. நிலையத்தின் வேர் மக்களிடத்தில் இருக்கிறது. ஆகவே மக்கள் பெயர்ந்தால் நிலையமும் பெயரலாம். இது விடை. பெயரையும் உரிமத்தையும் மட்டும் எடுத்துச் சென்று, அங்கு வாழும் பிள்ளைகளின் பேச்சும் கதையும் பாட்டும் உள்ளே நுழைய இடம் கொடாத பள்ளி, பட்டணத்தின் நடுவே நின்றாலும் வேரற்ற பள்ளியே. இது எச்சரிக்கை.

நம் பள்ளிகள் இடம் மாறும்போது புதிய கட்டடத்தின் அளவையும் அரசாங்க மானியத்தையும் பற்றிப் பலமுறை பேசுகிறோம். அவை வேண்டுவனவே. அவற்றோடு, மாலையில் அக்கட்டடத்தின் கதவு அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா என்பதையும் பேசவேண்டும். ஒரு மத்தளம், ஓர் ஆர்மோனியம், சில தூரிகைகள், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம். கிளீவ்லாந்தில் இரண்டு வீடுகளில் தொடங்கியது நூறாண்டு கடந்து நிற்கிறது. மலேசிய மண்ணில் காடழித்துத் தோட்டம் கண்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இயலாத காரியம் அன்று.