இதயத்துக்கு ஒரு கணக்கு

வங்கிக்காரனுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். இதுவும் கணக்கு விஷயம்தான். இதயம் எப்படித் துடிக்கிறது என்று சமன்பாடு எழுதிக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். அந்த வரலாற்றில் நம்ம சென்னைத் தரமணிக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை ஆரம்பித்தது கணவாய் மீனின் நரம்பில். சோடியமும் பொட்டாசியமும் செல்லின் சவ்வைத் தாண்டிப் போய்வருவதால்தான் நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் சமன்பாடுகளாக எழுதி 1952-ல் வெளியிட்டார்கள். கணக்கைப் போட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரை நம்பியிருந்தார்கள். அதுவோ மாற்றியமைக்கும் வேலைக்காக ஆறு மாதம் மூடிக்கிடந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா மெஷினோடு உட்கார்ந்துவிட்டார். நரம்பில் ஓடும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட மூன்று வாரம்! பழைய வங்கிகளில் ஃபேசிட் மெஷின் சுற்றியவர்களுக்கு அந்தக் கைவலி புரியும். 1963-ல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

லண்டனில் டெனிஸ் நோபிள் என்ற ஆராய்ச்சி மாணவர் (பரிசு வேறு, இவர் வேறு) அதே சமன்பாடுகளை இதய செல்லுக்கு மாற்றி எழுதினார். நரம்புத் துடிப்பு ஓரிரு மில்லி செகண்டில் முடிந்துவிடும். இதய செல்லின் துடிப்போ அதைவிட நூறு மடங்குக்கும் மேல் நீளம். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் அவருக்குக் கிடைத்த நேரம் அதிகாலை இரண்டு முதல் நான்கு மணி வரை. 1960-ல் முடிவு வெளியானது. 'துடி' என்று சமன்பாட்டில் எங்கும் எழுதவில்லை. அயனிகளின் வரவு செலவிலேயே தாளம் தானாக எழுந்தது.

ஒரு செல்லின் கணக்கு அது. முழு இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின் அலை எல்லாவற்றையும் தொட்டுக் கடந்து அடங்கவேண்டும். வழியில் அது உடைந்தால் முனை சுருண்டு, ஆற்றுச் சுழல் மாதிரி அங்கேயே சுற்றும். ஒரு சுழல் பலவாக உடையும். ஈ.சி.ஜி.யில் குழந்தை கிறுக்கியது போல் கோடு வரும். இதயம் நடுங்குமே தவிர ரத்தத்தைத் தள்ளாது. இதற்குப் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்.

எங்கள் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பா, 2006-ல் ஒரு நாள் அப்படியே சரிந்தார். குமுளி மலைப்பாதையில் கம்பத்துக்கு ஜீப்பில் இறக்கும்போதே உயிர் போய்விட்டது. "ஹார்ட் நின்னுபோச்சு" என்றார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்படித் திடீரென்று சரிபவர்களில் பலருக்கு இதயம் முதலில் நிற்பதில்லை, சுழலில் மாட்டுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தச் சில நிமிடங்களில்தான் மீட்க வழி இருக்கிறது.

அதற்கு இன்றுள்ள கருவி டிஃபிப்ரிலேட்டர். பலமான மின் அதிர்ச்சி கொடுத்து எல்லாச் சுழலையும் ஒரேயடியாக அடக்கும். இவ்வளவு பலம் வேண்டுமா? 2001-ல் சிதாப்ர சின்கா, ராகுல் பண்டிட் குழு இதைக் கணித மாதிரியில் சோதித்தது. இதயத் தசையின் மேல் வலை விரித்தாற்போல் மெல்லிய மின்சாரம் கொடுத்தால், தசை சிறு கட்டங்களாகப் பிரிகிறது. கட்டத்துக்குள் சுழலுக்குச் சுற்ற இடம் போதாமல் அது செத்துவிடுகிறது. சின்கா பிறகு தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து இதைத் தொடர்ந்தார். எஸ். ஸ்ரீதருடன் சேர்ந்து 2015-ல் நூலும் எழுதினார். இது கம்ப்யூட்டர் கணக்குதான், ஆஸ்பத்திரிச் சிகிச்சை அல்ல. ஆனால் கணவாய் நரம்பும் அன்று கணக்காகத்தான் ஆரம்பித்தது.

நாம் இங்கே, அப்பா அம்மா அங்கே. அதனால் ஊருக்குப் போன் போடும்போது இதைச் சொல்லிவையுங்கள். யாராவது சரிந்து விழுந்து, அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால், முதலில் 108-ஐக் கூப்பிடவேண்டும். உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எந்த வங்கியிலும் இவ்வளவு வட்டி கிடையாது.