ஆறில்லாத நாட்டிலிருந்து பாலாற்றங்கரைக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வரலாற்றை யார் சொல்லத் தொடங்கினாலும் திண்டிவனத்தில்தான் தொடங்குவார்கள். ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து பிரசவத்துக்குப் பெண் வைத்தியர் கேட்டதும், இளம்பெண் ஐடா ஸ்கடர் தானே வைத்தியராவதென்று மனம் மாறியதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். 1900-ல் ஒற்றைக் கட்டில், 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று கதை வளரும். இதற்கு எண்பது ஆண்டு முந்தைய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அது நடந்தது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டில்.

இலங்கையின் வடகோடியில், ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆனையிறவு என்னும் ஒடுங்கிய கழுத்தால் மட்டும் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டை நிலம் அது. மலை கிடையாது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் மட்டும் ஓடும். (பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நாம் அதைக் கேலி செய்ய முடியாது.) மேற்கே செம்பாட்டு மண்ணுள்ள வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, அதற்குத் தெற்கே தென்மராட்சி, ஆனையிறவை நோக்கிப் பச்சிலைப்பள்ளி. நடுவே கடல்நீர் ஏரிகள் புகுந்து நிலத்தைத் துண்டுபோட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் எப்படிக் குடியேறினார்கள்? நிலத்தடியில் இருக்கிறது விடை. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, கீழிருக்கும் உப்புநீரின் மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. கொஞ்ச ஆழம் தோண்டினாலே கிணறு. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவரும். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் பாய்ச்சினார்கள். கிணற்றிலும் பங்கு உண்டு, முறைவைத்து இறைப்பார்கள். ஒல்லாந்தர் 1707-ல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம், சொத்துப் பங்கீட்டில் அங்கிருந்த இத்தகைய வழக்கங்களுக்கெல்லாம் உருவம் கொடுத்தது. கிணறு எங்கும் கிடைத்ததால் வீடும் எங்கும் வந்தது. வலிகாமத்தில் ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதை வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பது கடினம். பனங்காணி, கிடுகு வேலி, ஒழுங்கை, மறுபடியும் வேலி.

குடியேற்றமும் புதிதல்ல. ஆனைக்கோட்டையில் 1980-ல் நடந்த அகழாய்வில் பெருங்கற்கால ஈமக்குழியிலிருந்து பிராமி எழுத்துள்ள முத்திரை கிடைத்தது. நல்லூரில் ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்டார்கள். 1619-ல் போர்த்துக்கீசர், 1658-ல் ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர்.

அமெரிக்க மிஷன் 1816-ல் குடாநாட்டில் கால் வைத்ததற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய எல்லைக்குள் அமெரிக்கப் பாதிரிகளை விரும்பவில்லை. இலங்கை கம்பெனியின் கையில் இல்லை. அங்கேயும் ஆங்கிலேய ஆளுநர் அவர்களுக்கு ஒதுக்கியது தலைநகரிலிருந்து தூரமான வடக்கைத்தான். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய இடங்களில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயக் கட்டடங்கள் கூரையற்றுக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். 1820-ல் பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தார் நியூயார்க் வைத்தியர் ஜான் ஸ்கடர், ஐடாவின் தாத்தா.

என் வாதம் இதுதான்: அந்த மிஷனுக்கு வடிவம் கொடுத்தது அந்த நிலம். சில மைலுக்கு ஒரு நிலையம் வைத்தாலே போதும். சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் நடைதூரம். 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824-ல் உடுவிலில் பெண்கள் பள்ளி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். 1847-ல் வந்த சாமுவேல் கிரீன் மானிப்பாயில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வேலூர் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் குறை.

1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தால் இந்தியக் கதவு திறந்தது. 1836-ல் ஸ்கடர் சென்னைக்கு வந்தார். பண்டத்தரிப்பில் பிறந்த மகன் ஹென்றி மார்ட்டின், தம்பிகளோடு சேர்ந்து 1853-ல் ஆர்க்காடு மிஷனை அமைத்தார். ஐடாவின் தந்தை இளைய ஜான் 1835-ல் பிறந்தது தென்மராட்சிச் சாவகச்சேரியில். ஆகவே இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்குத் தந்தை வழியில் சொந்த ஊர் கேட்டால் குடாநாட்டையும் சொல்லியாக வேண்டும்.

வேலூர்ப் பக்கம் நிலம் வேறு. கருங்கல் பாறை, தண்ணீர் பாலாற்று மணலிலும் பாறை வெடிப்பிலும். ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குக் கொண்டுபோன இடங்களில் ஊர்கள் தள்ளித் தள்ளி அமைந்தன. நோயாளி நடந்து வர முடியாது, வைத்தியர்தான் போகவேண்டும். ஐடா குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்த வழிச்சாலை மருந்தகம், முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார், இதற்காக வந்ததுதான். ஒரு குடும்பம், இரண்டு நிலம், இரண்டு முறை.

நோய்க்குத் தண்ணீரைத் தேடிப் போவதில் மட்டும் இரு கரையும் ஒன்று. கீரிமலைக் கேணியில் நீராடி நோய் தீர்ந்த இளவரசி கதை அங்கே. பிள்ளை வரம் வேண்டிக் கார்த்திகைக் கடை ஞாயிறில் நம் விரிஞ்சிபுரம் சிம்ம தீர்த்தத்தில் முழுகும் பெண்கள் இங்கே. இன்று தண்ணீருக்கே நோய். வலிகாமக் கிணறுகளில் உரத்தின் நைட்ரேட். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்பும் குரோமியமும் பாலாற்றில். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நம் கிணறுகள் இன்னும் தேறவில்லை.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் அங்கே புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். குடாநாட்டை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் அங்கே இருந்தால், அடுத்த மலருக்கு அவர்களிடம் ஒரு கட்டுரை வாங்கிச் சேர்க்குமாறு மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.