வாயுச்சுழலிக் கார்: கைகூடாத ஒரு முயற்சி

வரலாறு வென்றவற்றையே பெரிதும் நினைவிற் கொள்கின்றது. தோற்ற முயற்சிகளும் கற்றற்குரியன என்பதற்கு வாயுச்சுழலிக் கார் ஒரு சான்றாகும்.

காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரிந்து பாயும் வெப்பவாயுவினாற் சுழலியைச் சுழற்றுவதே இவ்வியந்திரத்தின் தத்துவம். போர்க்காலத்தில் பிராங் விற்றிலின் ஜெற் இயந்திர ஆக்கத்திற் பங்குகொண்ட பிரித்தானிய றோவர் நிறுவனம், அவ்வனுபவத்தைக் கொண்டு 1950 மார்ச்சில் 'ஜெற் 1' என்னும் காரை ஓட்டிக் காட்டியது. 1952 இல் அது பெல்ஜியத்தில் மணிக்கு 150 மைலைக் கடந்தது. 1963 முதல் 1966 வரை அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் இத்தகைய 50 கார்களைப் பொதுமக்கள் 203 பேரிடம் மாறிமாறி ஒப்படைத்துச் சோதித்தது. மட்டக்களப்பு வாவிக்கரைக் குடிசைகளிற் குப்பிவிளக்கை எரித்த மண்ணெண்ணெயாலும் அவை ஓடவல்லன.

ஆயினும் முயற்சி கைகூடவில்லை. சுழலி முழுவலுவில் இயங்கும்போதே சிக்கனமானது. வீதியிலோ கார் நின்றும் ஊர்ந்தும் செல்கின்றது. அதனால் எரிபொருள் மிகையாகச் செலவாயிற்று. மிதித்தவுடன் வேகம் எழவில்லை. வெப்பந்தாங்கும் உலோகங்களும் விலைமிக்கவை. கிறைஸ்லர் கட்டிய 55 கார்களுள் 46 அழிக்கப்பட்டன, ஒன்பதே எஞ்சின.

எரிபொருளை இறக்குமதி செய்யும் நாட்டார்க்கு இவ்வரலாறு அந்நியமன்று. மண்ணெண்ணெய்க்காக மட்டக்களப்பிலும் மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டு அதனை உணர்த்திற்று. எவ்வெரிபொருளையும் ஏற்கும் இயந்திரமெனினும், அதனை அளவின்றி உண்ணுமாயின் எளியோர்க்கு உதவாது. இயந்திரத்தின் பெருமையை அளக்கவேண்டியது உச்சவேகத்தாலன்று, அன்றாடப் பயன்பாட்டாலேயாம்.