பேரேரிகளின் நீர்ப்பரப்பு வெப்பநிலை: விமானவழி அளவீடு

வட அமெரிக்கப் பேரேரிகளின் மேற்பரப்பு நீர் எவ்வளவு சூடாக உள்ளது என்பதை, தாழப் பறக்கும் விமானத்தில் பொருத்திய அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தறியும் முறை. கனடிய வானிலைத் துறை 1966 ஏப்ரலில் இதை ஒழுங்கான பணியாகத் தொடங்கி, 1970களிலும் தொடர்ந்தது.

அதற்கு முன் கிடைத்தவை கப்பல்கள் போகிற போக்கில் குறித்த அளவுகளும், கரையோரக் குடிநீர் நிலையங்களின் பதிவுகளுமே. ஒண்டாரியோ ஏரி பேரேரிகளில் பரப்பளவில் மிகச் சிறியது. அதுவே சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். ஒரு கப்பல் அதைச் சுற்றி முடிப்பதற்குள் காற்று திரும்பி ஏரியின் நிலையே மாறிவிடும். குளிர்காலத்திலோ கப்பல் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிடும். பனியைக் கொட்டும் ஏரிப்பனி மேகங்கள் உருவாவதும், நீர் மிகுதியாக ஆவியாவதும் இலையுதிர்காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும்தான். தேவை மிகுந்த நேரத்தில் தரவு இல்லை என்பதே வானிலையாளர்களின் சிக்கல்.

வழிகாட்டியது கடலியல். கடலியலாளர் ஹென்றி ஸ்டொமெலும் உடன் ஆய்வாளர்களும் அட்லாண்டிக் பெருங்கடலின் கல்ஃப் நீரோட்டத்தின் விளிம்பை விமானத்திலிருந்து கதிர்வீச்சு வெப்பமானியால் தேடிய ஆய்வு 1953இல் வெளிவந்தது. நீர் தன் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அதில் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளைக் காற்று பெருமளவு மறிப்பதில்லை. கருவி அந்தக் கதிரை, வெப்பநிலை தெரிந்த ஓர் உள்பொருளின் கதிரோடு ஒப்பிடும். ஆனால் அது காண்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய நீர்த்தோலை மட்டுமே. வாளியில் மொண்ட நீரைவிட அந்தத் தோல் பெரும்பாலும் ஒரு பாகையில் பத்தில் சில பங்கு குளிர்ந்திருக்கும். இடையிலுள்ள ஈரக் காற்றுக்கும் திருத்தம் தேவை.

இம்முறையின் சிறப்பு வசந்தகாலத்தில் வெளிப்பட்டது. நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியானது. ஆழமற்ற கரையோரம் முதலில் 4 பாகையைத் தாண்டிச் சூடேற, நடு ஏரி அதற்குக் கீழேயே கிடக்கும். இரண்டும் கலக்குமிடத்தில் நீர் கனத்து மூழ்கி, சுவர்போல் நிற்கும். வெப்பத்தடுப்பு எனப்படும் இதை ஏரியியலாளர் ஃபொரெல் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெனீவா ஏரியில் கண்டிருந்தார். 1960களில் ஆய்வாளர் ராட்ஜர்ஸ் அதை ஒண்டாரியோவில் விவரித்தார். ஆறும் நகரமும் கொண்டுவரும் கழிவுகளைக் கரையோரமாகவே பல வாரம் அடைத்துவைப்பதால் இது வெறும் வேடிக்கையல்ல. கப்பலுக்குச் சில புள்ளிகளாகத் தெரிந்த அந்த எல்லை, விமானத்துக்குக் கரையைச் சுற்றி ஓடும் ஒரே கோடாகத் தெரிந்தது.

கோடையில் வேறொரு காட்சி. மேற்குக் காற்று சில நாள் விடாமல் வீசினால், ஒண்டாரியோவின் வடகரையில் மேல்நீர் தெற்கே தள்ளப்பட்டு அடிநீர் எழும். தமிழர் நிறைந்த ஸ்கார்பரோவின் ஏரிக்கரைகளில் ஆகஸ்ட் மாதத்திலும் சில நாள் கால் வைக்க முடியாதபடி தண்ணீர் சில்லிடுவது இதனால்தான்.

கனடாவும் அமெரிக்காவும் இணைந்து 1972-73இல் ஒண்டாரியோவில் நடத்திய பன்னாட்டுக் கள ஆண்டில் கப்பல், மிதவை, விமானம் மூன்றும் ஒருசேர அளந்தன. 1978 முதல் புதிய வகைச் செயற்கைக்கோள் கருவிகள் வந்தபின் விமானத்தின் பங்கு சுருங்கியது. ஒன்றில் மட்டும் விமானமே மேல்: நவம்பரில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கையில், அகச்சிவப்புச் செயற்கைக்கோள் காண்பது மேகத்தின் உச்சியை, விமானம் பறந்ததோ மேகத்துக்குக் கீழே.