நோய்ப்பெயரிற் புகுந்த பால்

கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது ‘ஹிஸ்டீரியா’ என்னும் நோய்ப்பெயர். அதனால் அது மகளிர்க்கே உரியதென நெடுங்காலங் கருதப்பட்டது. 1880களிற் பாரிசு நகரத்துச் சார்க்கோ ஆடவரிடத்தும் அதனைக் காட்டினார். ஆயினும் முதல் உலகப் போரில், 1915இல், வீரரிடங் கண்ட ஒத்த குறிகள் ‘எறிகணை அதிர்ச்சி’ என வேறு பெயர் பெற்றன. ஆணின் நோய்க்குப் போர் காரணம். பெண்ணின் நோய்க்கோ உடலே காரணம்!

உடலமைப்பாகிய பாலையும் சமூகம் வகுத்த பாலினத்தையும் ஸ்டோலர் என்னும் உளமருத்துவர் 1968இல் வெளியிட்ட நூலிற் பிரித்துரைத்தார். தமிழிலக்கணத்திற் பால் என்பது பகுப்பு மாத்திரமே; பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடில்லை. கிறீன் வைத்தியர் மானிப்பாயிலிருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய இம்மண்ணில், இருபொருட்கு இருசொல் வழங்குதல் அரிதன்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிற் கணவரை இழந்தோரின் மனத்துயரைப் ‘பால்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைத்தால், அது உடலால் வந்ததோ வாழ்நிலையால் வந்ததோ புலப்படாது.