சொல் மட்டும் தேயும் நோய்: மருத்துவம் அதைக் கண்டுகொண்ட கதை



பெரியவர் ஒருவர் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறினால், "வயசாயிடுச்சு, மறதி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அது எப்படி மாறியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதற்கு 1861-இல் பாரிஸில் வலுவான சான்று கிடைத்தது. பெரும்பாலும் "டான்" என்ற ஒலியை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளி இறந்தபின், அவருடைய மூளையை பால் புரோக்கா ஆராய்ந்தார். இடது பக்கத்தின் முன்பகுதி பழுதாகியிருந்தது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் இன்னொரு பகுதி சற்றுப் பின்னால் இருப்பதைக் காட்டினார். பேச்சிழப்பு என்றாலே பக்கவாதத்தால் திடீரென வருவது என்றுதான் பெரும்பாலும் அப்போது எண்ணினார்கள்.

1892-இல் பிராக் நகர மருத்துவர் ஆர்னால்டு பிக், 71 வயது முதியவர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போனது. முதுமையில் மூளை முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும் என்று நம்பிய காலம் அது. இவர் மூளையிலோ காதுக்கு மேலே உள்ள இடது பகுதி தனியாகச் சுருங்கியிருந்தது.

அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. 1982-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மார்செல் மெசுலம், ஆறு நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுக்குப் பக்கவாதம் வந்ததில்லை. பேச்சு பல ஆண்டுகளாகத் தேய்ந்து வந்தது. நினைவும் விவேகமும் பொதுவாக நன்றாகவே இருந்தன. இந்நோய்க்குப் பின்னர் 'பிரைமரி ப்ரோக்ரெசிவ் அஃபேசியா' என்று பெயர் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளாவது பேச்சுக் குறையே முதன்மையாக இருக்க வேண்டும் என்று 2001-இல் அவர் வரையறுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நினைவைச் சோதிக்கும் கேள்விகள் பெரும்பாலும் சொற்களால் கேட்கப்படுபவை. சொல்லை இழந்தவர் அதில் தோற்றுவிடுவார். நினைவே போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

எல்லோருக்கும் பேச்சு ஒரே மாதிரி தேய்வதில்லை. 2004-இல் மரியா லூயிசா கோர்னோ-டெம்பினி குழுவினர் 31 பேரை ஆராய்ந்து மூன்று வகைகளை விவரித்தனர். 2011-இல் பல நாட்டு நிபுணர்கள் இணைந்து அதையே பொது வகைப்பாடாக வெளியிட்டனர். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி:

1. பேச்சு திணறும், இலக்கணம் உதிரும். "கடைக்குப் போனேன்" என்பது "கடை... போ..." என்றாகும்.

2. பேச்சு சரளமாக வரும். சொல்லின் பொருள் தொலையும். "முருங்கைக்காய் வேண்டுமா?" என்றால், "முருங்கைக்காயா, அப்படின்னா?" என்பார்.

3. பொருள் தெரியும், சொல் நுனிநாக்கில் நிற்கும். நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது.

மூன்றாவது வகைக்குப் பெரும்பாலும் அல்சைமர் நோயே அடிப்படை. மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் வேறு புரதக் கோளாறுகள் காரணம். எனவே வகையறிவது வெறும் பெயர் சூட்டல் அல்ல. மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அது ஒரு துப்பு.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? பேச்சு திடீரெனக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மாதக்கணக்கில் மெல்லத் தேய்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சொற்களில் தடுமாறுகிறார் என்று குறித்து எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியும், படங்களைக் காட்டிப் பேசும் பழக்கமும் அன்றாட வாழ்வை எளிதாக்கும்.

மாலை நடையில் சந்திக்கும் பெரியவர் சொல் தேடி நின்றால், வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். சொல்ல வந்த விஷயம் அவரிடம் இருக்கிறது.