தலைமன்னார்க் கப்பலும் தோட்டத்து மக்களும்

அட்டன் மலைச்சரிவுகளிற் பிறந்து வளரும் பிள்ளைகளுட் பலர் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் அவர்களுடைய குடும்பக் கதைகளில் ஒரு கப்பல் தவறாது வந்து நிற்கும். பாட்டன் வந்த கப்பல், சித்தப்பா போன கப்பல், அத்தையைக் கொண்டுபோன கப்பல். துறைமுகங்களையும் வாணிகத்தையும் பற்றி வகுப்பிற் பேசும்போதெல்லாம் இக்கப்பலுக்கு உரிய இடத்தை நாம் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் நம்மை உறுத்துவதுண்டு.

பிரயாணிக் கப்பற் சேவைகளைப் பற்றிய பேச்சு இன்று மிகுந்துள்ளது. கரையோர நகரங்களின் வீதி நெரிசலைத் தணிக்க நீர்வழிகளைப் பயன்படுத்த வேண்டும் என்கின்றனர் நகர அமைப்பாளர். பாக்கு நீரிணையில் மீண்டும் கப்பல்கள் ஓட வேண்டும் என்கின்றன இரு நாட்டு அரசாங்கங்களும். இரண்டும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் ஒரு கப்பல் யாருடைய தேவைக்காக, யாருடைய செலவில் விடப்படுகிறது என்ற கேள்வியை எழுப்பாமல் அதன் நன்மை தீமையை மதிப்பிட முடியாது. தலைமன்னார்க் கப்பலின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இக்கேள்வியை எழுப்பாதிருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் வறிய உழவர்கள் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து காடுகளினூடே மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். நூற்றைம்பது மைல் அளவான அப்பாதையிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். கொழும்புக்கும் கண்டிக்குமிடையே ரயிற்பாதை திறக்கப்பட்டது 1867 ஆம் ஆண்டில். மலையிலிருந்து கோப்பிக்கொட்டை ரயிலேறிக் கொழும்புத் துறைக்குச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், அக்கொட்டையைப் பறிக்க வந்தவன் வடபாதையிற் கால்நடையாக வந்துகொண்டிருந்தான்.

அதே 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டுகளின்பின் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆட்கள் போதும். வேலை முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கேட்பது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டும். அவர்களைக் கொண்டுவர இடையறாத போக்குவரத்தும் வேண்டும். 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய நீராவிக் கப்பல்கள் தொழிலாளர்களை ஏற்றி வந்தன.

இந்தப் பயணத்துக்கான சீட்டு எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறிக்கப்பட்ட தகரத் துண்டு ஒன்று தொழிலாளியின் கழுத்தில் தொங்கவிடப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசின்றி ஏறலாம். வழியிற் சோறும் கிடைக்கும். ஆகா, என்ன தாராளம் என்று எண்ணத் தோன்றும்! ஆனால் அச்செலவு முழுவதும் தோட்டத்துக் கணக்கேட்டில் அவன் பெயரிற் கடனாக ஏறியது. கங்காணி ஊரிற் கொடுத்த முன்பணமும் அதனோடு சேர்ந்தது. லயத்துக் காம்பிராவில் முதல்நாள் கண்விழிக்கும்போதே அவன் கடன்காரன். அக்கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போகத் 'துண்டு' கிடையாது. துண்டு முறை ஒழிந்தது 1921 இல். 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தையும், அதையொட்டி 1923 இல் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டத்தையும் அடுத்தே ஆள்சேர்ப்புச் செலவு தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது.

1914 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சு முதலாந் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிற்று. இருபத்திரண்டு மைல் கடல். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். சென்னை எழும்பூரிற் சீட்டு வாங்கியவர் 'போட் மெயில்' ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பை அடையலாம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி விட்ட முதற் கப்பல்களின் பெயர்கள் எல்ஜின், கர்சன், ஹார்டிஞ். மூவரும் வைசிராய்கள். பின்னர் வந்தவை இர்வின், கோஷன்: ஒருவர் வைசிராய், மற்றவர் சென்னைக் கவர்னர். கப்பலிற் பெரும் தொகையாய் ஏறியவர்களின் பெயரைக் கப்பலுக்கு வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை!

மேல் வகுப்புப் பிரயாணிகளுக்கு அது இனிய பயணமாக இருந்திருக்கலாம். தோட்டத்துக்குச் செல்வோருக்கு இடையில் மண்டபம் முகாம் இருந்தது. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய அம்முகாமிற் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, உடைகளை நீராவியிலிட்டுச் சுத்திசெய்த பிறகே அவர்கள் கப்பலுக்கு விடப்பட்டனர்.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இக்கப்பல் மக்களுக்கும் ஓரளவு பயன்பட்டது. பிறந்த ஊரிற் கலியாணம், காதுகுத்து, குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு என்றால் போய்வர முடிந்தது. இருகரையிலும் உறவைப் பேணும் மனித இயல்பை அது வளர்த்தது. கொடுமை என்னவெனில், இந்தப் போக்குவரத்தே பின்னர் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் பிரஜாவுரிமைக்கு மனுச்செய்ய வழிவிட்டது. ஆனால் 1946 சனவரிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயின் நோய்ப்படுக்கையருகே ஓராண்டு தங்கிவிட்டுத் திரும்பியவன் அந்நியனானான். ஏறக்குறைய எட்டேகால் லட்சம் பேருக்காக மனுக்கள் கொடுக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஒரு லட்சத்து முப்பத்துநான்காயிரம் பேரளவே.

1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஒன்பதே முக்கால் லட்சம் பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்பது கணக்கு. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. எட்டு வாரம் கழியுமுன், டிசம்பர் 22 ஆந் திகதி இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலொன்றும் பிரயாணிகளோடு கடலிற் போயிற்று. இறங்குதுறை போனாலும் ஒப்பந்தம் போகவில்லை. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் விடப்பட்டது. மலையகத்தார் இன்றும் நினைவுகூரும் 'இராமானுஜம்' அந்த வழியில் ஓடிய கப்பல்.

அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று பங்கிடப்பட்ட குடும்பங்கள் ரயில் மேடையிற் கதறின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். மண்டபம் முகாம் மீண்டும் அவர்களை ஏற்றது. அங்கிருந்து நீலகிரியில் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல இடங்களுக்கும் அவர்கள் சிதறினர்.

1983 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து மூண்ட போரினால் 1984 இற் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முறை வருமெனக் காத்திருந்த பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கினர். 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை தந்தன. நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் அக்கடவுச்சீட்டை இன்றும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவருடைய தங்கை கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். "கப்பல் உடுறாங்களாமே மாஸ்டர், ஒரு தடவ பாத்துட்டு வந்துறலாமா?" என்று நம்மைக் கேட்டார்.

கப்பல் விடத்தான் செய்தார்கள். 2011 இற் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடிய கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 'செரியபாணி' தொடங்கியது. சில நாட்களில் அதுவும் நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் சேவை மீண்டும் தொடங்கியது. தொடக்க நாளின் சலுகையை விட்டால், 2023 இல் அறிவிக்கப்பட்ட ஒருவழிக் கட்டணம் வரியுடன் 7,670 இந்திய ரூபாய். அன்றைய மாற்று விகிதப்படி அது இலங்கைக் காசில் முப்பதாயிரம் ரூபாயளவு. கொழுந்து பறிப்பவருக்கு 2021 இல் நிர்ணயிக்கப்பட்டு அப்பொழுதும் நடப்பிலிருந்த நாட்சம்பளமோ ஆயிரம் ரூபாய். ஒருவழிப் பயணத்துக்கு ஒரு மாத உழைப்பு! கட்டணம் பின்னர் ஓரளவு குறைந்தது உண்மை. எனினும் அட்டனிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் செலவும் விசாவுக்கான அலைச்சலும் தனி.

2023 ஏப்ரலிற் கொச்சியில் தொடங்கிய நீர்ப் போக்குவரத்துச் சேவையை இதனோடு ஒப்பிடலாம். நகரத்தைச் சூழ்ந்த பத்துத் தீவுகளின் மக்கள் எவ்வாறு வேலைக்கும் பள்ளிக்கும் போவது என்ற கேள்வியிலிருந்து அத்திட்டம் பிறந்தது. தொடக்கத்தில் ஆகக் குறைந்த கட்டணம் 20 ரூபாய். குறுகிய உப்பங்கழியையும் நாடுகளுக்கிடையிலான கடலையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிரயாணியிலிருந்து திட்டத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்.

இராமேசுவரம் – தலைமன்னார்ச் சேவையை மீண்டும் தொடங்குவதென 2024 டிசம்பரில் இரு அரசாங்கங்களும் கூட்டறிக்கையில் தெரிவித்தன. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கான ரயிற்பாதை 2015 இலேயே திரும்பப் போடப்பட்டுவிட்டது. அட்டனில் ஏறி, பொல்காவலையில் மாறி, துறைக்குச் சென்றடையத் தக்கதாக ரயில் நேரங்களை அமைப்பதும், தோட்டத் தொழிலாளிக்கும் நீலகிரியிலுள்ள அவர் உறவினருக்கும் ஏற்ற மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒன்றை முன்கூட்டியே நிர்ணயிப்பதும் கடினமான காரியங்களல்ல. கப்பல் வாங்குமுன் இவற்றைப் பேசித் தீர்க்கும்படி தோட்டத் தொழிற்சங்கங்கள் இப்பொழுதே கேட்க வேண்டும்.